பரண் மேல் ஒரு ஜப்பானியர்

மசாயுகி உயேமுரா காலமானார் என்ற செய்தி 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ நகரிலிருந்து வந்தபோது பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் யாரும் கடையடைக்கவில்லை. அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்களே அங்கு குறைவு. ஆனால் அந்தப் பேட்டையில் 1990களில் சிறுவர்களாக இருந்து, இன்று நாற்பதைக் கடந்து, முன்வழுக்கையைத் தடவிக்கொண்டிருப்பவர்களின் கட்டைவிரல்களுக்கு அவரை நன்றாகவே தெரியும்.

ரிச்சர்ட்ஸ் டவுன் அன்றைக்கு ஓட்டு வீடுகளும் பெரிய மரங்களும் கொண்ட பழைய கன்டோன்மென்ட் பேட்டை. கோடை விடுமுறையில் காலை முழுக்கக் கிரிக்கெட். வெயில் ஏறியதும் கூட்டம் வீடியோ கேம் இருக்கும் வீட்டுக்கு நகரும். அந்த வீட்டுப் பையனுக்குத் திடீரென்று மரியாதை கூடிவிடும். செருப்புகளை வாசலில் உதறிவிட்டு ஐந்தாறு பேர் டிவி முன் உட்காருவார்கள். ஜாய்ஸ்டிக் இரண்டுதான், மற்றவர்களுக்கு 'அடுத்த சான்ஸ்'. கேசட்டைச் செருகினால் முதலில் வெறும் திரைதான் வரும். உருவி, வாயால் ஊதி, மறுபடி செருகினால் மரியோ குதிக்கத் தொடங்குவான். சண்டை தமிழில் தொடங்கி, கன்னடத்தில் வளர்ந்து, தக்கினி உருதுவில் முடியும். சமையலறையிலிருந்து குரல் வரும்: "போதும்டா, நிறுத்துங்க! பிக்சர் டியூப் போயிடப் போகுது."

கேசட்டை ஊதியதால் பயன் ஏதுமில்லை என்பதைப் பின்னாளில் பழுதுபார்ப்பவர்கள் சொன்னார்கள். உருவி மறுபடி செருகியபோது உலோகத் தொடுமுனைகள் சரியாகப் பொருந்தின, அவ்வளவுதான். வாயின் ஈரம் அந்த முனைகளை அரித்ததுதான் மிச்சம். ஆனாலும் ரஷ்யாவில், பிரேசிலில், ஜப்பானில், பெங்களூரில் என்று ஒருவரையொருவர் பார்த்தேயிராத சிறுவர்கள் எல்லாரும் ஊதினார்கள்.

அவர்கள் கையிலிருந்த கருவியின் மீது என்ன பெயர் எழுதியிருந்தது? சில வீடுகளில் சாமுராய். சில வீடுகளில் மீடியா. வேறு சில வீடுகளில் லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர். உள்ளே பெரும்பாலும் இருந்தது ஒரே வடிவமைப்புதான். அதைச் செய்தவர் உயேமுரா.

அவர் 1943இல் டோக்கியோவில் பிறந்தவர். மின்னணுப் பொறியியல் படித்துவிட்டு, பிற்பாடு ஷார்ப் என்று பெயர் மாறிய ஹயகாவா எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஒளிபட்டால் மின்சாரம் தரும் சிறு செல்களை விற்பது அவர் வேலை. அப்படி அவர் படியேறிய இடங்களில் ஒன்று கியோட்டோவில் சீட்டுக்கட்டும் பொம்மையும் செய்துகொண்டிருந்த நின்டெண்டோ. அங்கிருந்த குன்பெய் யோகோய் அந்த செல்லைப் பார்த்ததும் அதை வைத்து ஒரு விளையாட்டுத் துப்பாக்கி செய்யலாம் என்றார். குழந்தை சுடும்; ஒளி இலக்கில் இருக்கும் செல்லைத் தொட்டால் பொம்மைப் புட்டி சிதறும். 1970இல் வந்த அந்தத் துப்பாக்கி நன்றாக விற்றது. விற்க வந்த உயேமுராவும் பிறகு நின்டெண்டோவிலேயே சேர்ந்துவிட்டார்.

1981 நவம்பரில் ஒரு மாலை, நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமவுச்சி அவரைத் தொலைபேசியில் அழைத்தார். கேசட்டை மாற்றி மாற்றி விளையாடும்படியான கருவி ஒன்று வேண்டும், அது வீட்டு டிவியில் ஓட வேண்டும் என்பது உத்தரவு. உயேமுராவின் குழு போட்டி நிறுவனங்களின் கருவிகளைப் பிரித்துப்போட்டு ஆராய்ந்தது. ரிக்கோ நிறுவனம் அதற்கான சில்லைத் தயாரித்துக் கொடுத்தது. 1983 ஜூலை 15ஆம் தேதி, 14,800 யென் விலையில், சிவப்பும் வெள்ளையுமாக ஃபேமிகாம் கடைக்கு வந்தது. 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்பதன் சுருக்கம் அது.

தொடக்கம் சுபமாக இல்லை. முதலில் வந்த கருவிகளில் பழுது தெரிய, விற்றவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. சதுர ரப்பர் பொத்தான்கள் உள்ளே சிக்கிக்கொண்டன, வட்டமாக மாற்றினார்கள். 1985இல் அதுவே உருமாறி அமெரிக்காவுக்குப் போனது. அங்கே வீடியோ கேம் வியாபாரம் படுத்துக் கிடந்த நேரம். கடைக்காரர்கள் மிரளக்கூடாது என்று, விசிஆரில் டேப் போடுவது போல முன்பக்கம் கேசட்டைச் செருகும்படி உயேமுரா அதைத் திருத்தினார். இரு வடிவங்களும் சேர்ந்து உலகில் விற்றது 6 கோடியே 19 லட்சம்.

அந்தக் கணக்கில் ரிச்சர்ட்ஸ் டவுனின் பெரும்பாலான வீடுகள் இல்லை. காரணம் எளியது. அமெரிக்காவுக்குப் போன கருவியில் நின்டெண்டோ ஒரு பூட்டுச் சில்லு வைத்தது; அனுமதி பெறாத கேசட்டை அது ஏற்காது. ஜப்பானியக் கருவியில் அந்தப் பூட்டு கிடையாது. பூட்டாத வீடு எல்லாருக்கும் பொது என்று தைவான் தொழிற்சாலைகள் அதன் சில்லுகளை நகலெடுத்து விற்கத் தொடங்கின. ரஷ்யாவில் அது டெண்டி ஆயிற்று, போலந்தில் பெகாசஸ் ஆயிற்று, இந்தியாவில் பல பெயர் எடுத்தது. '9999 விளையாட்டு' என்று அச்சடித்த கேசட்டும் கூடவே வந்தது. அதில் உண்மையில் இருந்தவை சில டஜன். மிச்சமெல்லாம் அதே விளையாட்டு வேறு பெயரில், வேறு கட்டத்திலிருந்து.

சட்டப்படி பார்த்தால் இது களவு. ஆனால் எட்டு வயதுப் பையனுக்குச் சட்டம் தெரியாது. அசல் எது என்றும் தெரியாது. அசல் வாங்கும் வசதி அநேகம் வீடுகளில் இல்லை. நகல் இல்லாவிட்டால் அவன் பால்யத்தில் மரியோவும் இல்லை. உயேமுராவுக்கு அவன் பட்ட கடன் எங்கும் எழுதப்படாத கடன்.

அவர் பெயர் மறைந்ததற்கு நகல் மட்டும் காரணமல்ல. அசல் நிறுவனங்களே படைத்தவர் பெயரை வெளியே விடுவதில்லை. போட்டிக் கம்பெனி ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயம். அந்தக் கால ஜப்பானிய விளையாட்டுகள் பலவற்றில் இறுதியில் வரும் பெயர்கள் புனைபெயர்களே. அமெரிக்காவிலும் இதே கதை. அட்டாரி நிறுவனத்தில் வேலை பார்த்த வாரன் ராபினெட், 'அட்வென்ச்சர்' என்ற தன் விளையாட்டுக்குள் ஓர் இரகசிய அறை கட்டி, அதில் தன் பெயரை எழுதி ஒளித்துவைத்தார். கோயில் கட்டிய சிற்பி தூணின் மறைவில் தன் முகத்தைச் செதுக்கியது போல.

இன்னொருவரையும் இங்கே சொல்ல வேண்டும். 'கான்ட்ரா' ஆடியவர்களுக்குத் தெரியும்: மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. தொடக்கத் திரையில் இதை அழுத்தினால் மூன்று உயிருக்குப் பதில் முப்பது உயிர் கிடைக்கும். அண்ணன் தம்பிக்கும் தம்பி பக்கத்து வீட்டுக்கும் காதோடு சொன்ன மந்திரம் இது. முதலில் இதை 1986இல் 'கிரேடியஸ்' விளையாட்டில் வைத்தவர் கோனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ. அந்த விளையாட்டைச் சோதித்துப் பார்க்க வேண்டியவர் அவர். அவராலேயே அதைக் கடக்க முடியவில்லை. அதனால் தனக்கென்று ஒரு குறுக்கு வழி வைத்துக்கொண்டார். விற்பனைக்குப் போனபோதும் அது உள்ளேயே தங்கிவிட்டது. 2020 பிப்ரவரியில் ஹஷிமோட்டோ இறந்தார். ஊருக்கெல்லாம் முப்பது உயிர் கொடுத்தவருக்கு ஒன்றுதான் இருந்தது என்று உலகமெங்கும் ஆர்வலர்கள் வருந்தினார்கள்.

அந்தத் தலைமுறையே ஒவ்வொருவராக விடைபெறுகிறது. யோகோய் 1997இல் சாலை விபத்தில் போனார். நிரல் எழுதுபவராகத் தொடங்கி நின்டெண்டோவின் தலைவரான சடோரு இவாட்டா 2015இல், 55 வயதில் மறைந்தார். டிவியில் விளையாடலாம் என்ற யோசனைக்கே தந்தையான ரால்ஃப் பேயர் 2014 டிசம்பர் 6 அன்று காலமானார். ஏழு ஆண்டுகள் கழித்து அதே டிசம்பர் 6 அன்று, 78 வயதில், உயேமுரா.

பொம்மை செய்தவருக்கு இவ்வளவு துக்கமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பையன்கள் வீட்டுப்பாடத்தை விட்டதற்கும் கண்ணைக் கெடுத்துக்கொண்டதற்கும் இந்தப் பெட்டியைத் திட்டாத அம்மா இல்லை. ஆனால் மனிதர்கள் துக்கப்படுவது பயனைக் கணக்குப் பார்த்து அல்ல. சினிமாப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் இறந்தால், அவரை நேரில் பார்த்திராதவர்களும் கண் கலங்குகிறார்கள். அந்தப் பாட்டு கேட்ட நேரத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். இதுவும் அப்படித்தான். இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருந்த அண்ணன் இன்று கனடாவில் இருக்கலாம். டியூப் போகும் என்று கத்திய அம்மா இன்று இல்லாமலும் இருக்கலாம்.

பழைய கருவிகளைத் தேடிப்பிடித்துக் காப்பாற்றும் ஒரு கூட்டம் பல நகரங்களில் இருக்கிறது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் உதிரி பாகம் கேட்டு அலைபவர்களில் அவர்களும் உண்டு. உப்பிய கெப்பாசிட்டரை மாற்றுகிறார்கள். தேய்ந்த பொத்தானுக்கு அடியில் ரப்பர் வைக்கிறார்கள். மற்றவர்கள் தூக்கியெறிந்த பழைய குழாய் டிவியைத் தோளில் சுமந்து வருகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. 'டக் ஹன்ட்' ஆடும்போது துப்பாக்கியின் விசையை அழுத்தினால் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி முனையிலுள்ள ஒளியுணரி அந்த மின்னலைப் பிடித்தால் வாத்து விழும். குழாய் டிவி படத்தை உடனுக்குடன் வரைவதால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். இன்றைய தட்டை டிவி படத்தை ஜீரணித்துக் காட்டச் சற்று நேரம் எடுக்கிறது. துப்பாக்கி குருடாகிவிடுகிறது. அம்மாக்கள் காப்பாற்ற நினைத்த அந்தப் பிக்சர் டியூப் போனால், விற்பனையாளராக உயேமுரா கொண்டுவந்த ஒளிச் செல்லில் பிறந்த விளையாட்டும் கூடவே போய்விடும்.

அழிவின் அளவு சிறியதல்ல. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான வீடியோ கேம்களில் 87 சதவீதம் விற்பனையில் இல்லை என்று 2023இல் அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை கணக்கிட்டது. அசலுக்கே இந்தக் கதி என்றால் நகலைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

இதை முன்பே உணர்ந்தவர் உயேமுரா. 2004இல் நின்டெண்டோவிலிருந்து ஓய்வு பெற்ற பின், கியோட்டோவின் ரிட்சுமெய்கான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கே விளையாட்டு ஆய்வு மையத்துக்குத் தலைமை ஏற்றார். தான் செய்த கருவியை உலகுக்கு விற்றவர், கடைசிக் காலத்தில் அப்படிப்பட்ட கருவிகளின் வரலாற்றைச் சேர்த்து வைப்பதில் ஈடுபட்டார்.

பெங்களூருக்கு இந்தப் பாடம் புதிதல்ல. நகரின் தெற்கே பேகூர் நாகேஸ்வரர் கோயிலில், சுமார் கி.பி. 890ஐச் சேர்ந்த ஒரு கன்னட நடுகல் இருக்கிறது. பெங்களூர்ச் சண்டையில் மாண்டவனுக்காக நட்ட கல். 'பெங்களூர்' என்ற பெயருக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று அதுதான். இறந்தவனை மறக்கக் கூடாது என்று யாரோ கல்லில் எழுதியதால் ஊரின் பெயரும் அதில் தங்கிவிட்டது. வீரனின் பெயரைக் கல்லில் பொறிப்பது சங்க காலத் தமிழருக்கும் வழக்கம். இன்றும் நீத்தாருக்கு எள்ளும் நீரும் விடுகிறவர் பெயரைச் சொல்லித்தான் விடுகிறார்.

ரிச்சர்ட்ஸ் டவுனின் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிக் குடியிருப்புகளாகின்றன. வீட்டை இடிக்கும் முன் பரணைக் காலி செய்வார்கள். பித்தளை அண்டா, உடைந்த தொட்டில், பழைய பாடப் புத்தகங்கள் எல்லாம் இறங்கும். அவற்றோடு வயர் சுற்றிய ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் இறங்கலாம். காயலான் கடைக்காரர் அதை எடைக்குப் போடுவார்.

அதற்கு முன் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒரு துண்டுக் காகிதம் போதும். அதில் 'வடிவமைத்தவர் மசாயுகி உயேமுரா, 1943–2021' என்று எழுதலாம். அதன் கீழே, அந்தக் கோடை மதியங்களில் டிவி முன் உட்கார்ந்திருந்த ஐந்தாறு பேரின் பெயர்களையும், வீடு இருந்த தெருவையும் எழுதிப் பெட்டிக்குள் வைத்து மூடலாம்.