புரையேறாத ஆபத்து

உண்ணும்போது புரையேறினால், "யாரோ நினைக்கின்றார்கள்" என்று உச்சியில் தட்டுவது நம் வழக்கம். பாரிசவாதம் கண்டவர்க்கோ, புரையேறாமையே அஞ்சத்தக்கது. இருமலே எழாது கஞ்சி சுவாசப்பைக்குள் இறங்கிவிடலாம். பின்னர் நிமோனியாச் சுரம் தொடரும்.

இதனை அறிய, பேரியம் கலந்த உணவை ஊட்டி எக்ஸ்-கதிர் கொண்டு நோக்குவர். மாத்தளைத் தோட்டத்து லயத்திலே படுத்திருக்கும் முதியவர்க்கு அஃது எளிதில் கிட்டுமா?

அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் ஏர்வின் செய்டிச் குழுவினர் வேறு வழி தேடினர். கழுத்தின் முன்புறத்தே அதிர்வுமானியையும் ஒலிவாங்கியையும் ஒட்டினர். விழுங்கும் அதிர்வுகளைக் கணினிக்குப் பயிற்றினர். எக்ஸ்-கதிர்ப் படத்தில் வல்லுநர் கண்ட முடிவே அதற்குப் பாடநூல். (ஆசான் பிழைத்தால் மாணாக்கனும் பிழைப்பான் என்பதை நாமறிவோம்!)

அக்கருவி நம்மூர் வரும்வரை, நோயாளரை நிமிர்த்தி அமர்த்திச் சிறுகச் சிறுக ஊட்டுக. உண்டபின் குரல் ஈரமாய்க் கரகரத்தால், வைத்தியரிடம் தவறாது கூறுக.