மஞ்சட்பூக்களும் இதழ்க் கணக்கும்

ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி வட்டாரங்களின் மானாவாரிப் புன்செய்களில் பேயெள் பூத்து நிலம் முழுதும் மஞ்சளாய் விளங்குவது குடியானவர் யாவரும் அறிந்த காட்சியே. கர்நாடகத்தை அடுத்த கிராமங்களில் இதனை உச்செள்ளு என்பர். கன்னடத்தார் இப்பயிருக்கு வழங்கும் பெயரே இவ்வாறு திரிந்து நின்றது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்கும் இவ்வெல்லைப் பிரதேசத்தில் ஒரு செடிக்குப் பல பெயர்களும், பல செடிகளுக்கு ஒரு பெயரும் இருத்தல் இயல்பு. ஆதலின் பெயரைக் கேட்டுச் செடியைத் துணிதல் இங்கே தகாது. பூவின் நிறத்தைக் கண்டு துணிதலோ அதனினும் தகாது.

நகரங்களும் தொழிற்சாலைகளும் பெருகியதோடு அழகுக்கென வளர்க்கும் செடிகளும் பெருகின. அவற்றுட் பல, பேயெள்ளைப் போன்றே மஞ்சள் இதழ்கள் வட்டமாய்ச் சூழ்ந்த பூவை உடையன. இவையெல்லாம் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று கருதுவது உண்மையில் பல சிறு பூக்களின் கூட்டமாகும். ஓரத்தில் இதழெனத் தோன்றுவது ஒவ்வொன்றும் ஒரு தனிப்பூ. நடுவிலுள்ள தட்டும் சிறு பூக்களால் நிறைந்ததே. இவ்வமைப்பு குடும்பத்திற்கே பொதுவாகலின், இதழ் குடும்பத்தைக் காட்டுமேயன்றி, ஆளைக் காட்டாது.

இதற்குப் பேயெள்ளும், தோட்டங்களில் வளர்க்கும் மஞ்சள் காஸ்மாஸும் தக்க சான்று. இரண்டிலும் பெரும்பாலும் 8 இதழ்கள் இருக்கும். இரண்டிலும் இதழின் நுனி மூன்று பற்களாகப் பிளந்திருக்கும். இதழை மட்டும் எண்ணுவோர் ஏமாறுவர். பூவைத் திருப்பி அடியைக் காண்போர் ஏமாறார். பேயெள்ளின் அடியில் அகன்ற, இலைபோன்ற பச்சைச் செதில்கள் உண்டு; காஸ்மாஸில் அவை குறுகி ஒடுங்கியவை. பேயெள்ளின் இலை பிளவுபடாதது. காஸ்மாஸின் இலை பலவாறு பிளந்தது. பேயெள் விதை கருமையும் பளபளப்பும் உடைய சிறு மணி. காஸ்மாஸ் விதை நீண்டு மூக்குடையது.

பேயெள்ளில் நேரும் மயக்கம் விதைத் தூய்மையைக் கெடுப்பதோடு நிற்கும். மஞ்சள் கரிசலாங்கண்ணியில் நேரும் மயக்கமோ உடம்பையும் நிலத்தையும் ஒருங்கே பாதிப்பது. காமாலைக்கு மருந்தாகவும், உணவில் கீரையாகவும், கூந்தல் தைலத்திற்கும் இம்மூலிகையை மக்கள் கொள்கின்றனர். நாற்றுப்பண்ணைகளில் வெடிலியா என விற்கப்படும் அயல்நாட்டுப் படர்கொடி இதற்கு நெருங்கிய உறவாதலால், பல இடங்களில் அதனையே கரிசலாங்கண்ணி எனக் கருதிப் பறிப்பதும் நடுவதும் உண்டு. இரண்டின் பூவும் மஞ்சள்; இதழ்த் தொகையும் ஏறக்குறைய ஒன்றே. வேற்றுமை இலையில் உளது. கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டது, பிளவற்றது. படர்கொடியின் இலை அகன்று பளபளப்பது. இருபுறமும் ஒவ்வொரு மடல் நீண்டு மூன்றாய்த் தோன்றும். இளந்தளிரில் மடல்கள் தெளிவாய்த் தோன்றாமலும் இருக்கலாமாதலின், முதிர்ந்த இலைகள் பலவற்றைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

இப்படர்கொடி வெப்ப அமெரிக்க நாடுகளுக்கு உரியது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தார் உலகில் மிகக் கேடானவையெனத் தொகுத்த 100 அயல் உயிரினங்களுள் இதுவும் ஒன்று. விதையின்றியே, கணு தோறும் வேர்விட்டுப் பரவும். அறுத்தெறிந்த ஒரு துண்டும் ஈரம் பட்டால் தழைக்கும்.

கரைகளில் மண்ணரிப்பைத் தடுக்க இக்கொடி உதவும், செலவின்றிப் பசுமை தரும் என்பார் உளர். மண்ணைப் பிடித்து நிற்பது உண்மையே. ஆயினும் அது படர்ந்த இடத்தில் புல்லுக்கு இடமில்லை. ஆடுமாடுகள் மேய்ந்து வந்த கரையை அழகிய பாயாக மாற்றுவதால் குடியானவருக்கு என்ன லாபம்? அறுகு முதலிய நாட்டுப் புற்களும் மண்ணைக் காக்கும். அவை தீவனமும் ஆகும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த பார்த்தீனியம் 1950-களின் நடுவில் புனேயில் கண்டறியப்பட்டது. அன்று அது ஒருசில செடிகளே. இன்று அது இல்லாத புறம்போக்கைக் காண்டல் அரிது. முதலில் கண்டபோதே இன்னதென்று அறிந்து களைவதற்கும், பரவியபின் வருந்துவதற்கும் உள்ள தூரம் பெரிது.

ஆகவே செய்யத்தக்கவை சில. ஏரிக்கரை, வாய்க்கால், பொதுத் தோட்டம் ஆகியவற்றில் நடுதற்கு முன் செடி இன்னதென்பதைக் கிராம அதிகாரிகள் இலையும் பூவடியும் பார்த்து உறுதி செய்வாராக. பேயெள், காஸ்மாஸ், கரிசலாங்கண்ணி, படர்கொடி ஆகிய நான்கையும் இலையும் பூவுமாக உலர்த்தித் தாளில் ஒட்டிக் கிராம நிர்வாக அலுவலகத்தில் வைப்பின், ஐயுற்றவர் ஒப்பிட்டுத் தெளியலாம். இதற்குப் பழந்தாளும் பசையுமன்றி வேறு செலவில்லை. தோட்டங்களில் கத்தரித்த கொடிகளை ஓடையிலும் குப்பைமேட்டிலும் எறியாது, நன்கு உலர்த்தி அழித்தல் வேண்டும். மூலிகை கொள்வோர் பூவற்ற பொடியையும், உதிர்ந்த இதழையும் நம்பாது, இலையோடு கூடிய முழுச் செடியைக் கேட்டு வாங்குவாராக.

இதழை எண்ணுவது நல்ல தொடக்கமே. அதன்பின் பூவைத் திருப்பி அடியையும், குனிந்து இலையையும் பார்க்கும் வழக்கம் கிராமந்தோறும் ஏற்படுமாயின், மருந்தும் மேய்ச்சல் நிலமும் ஒருங்கே காக்கப்படும்.