24-க்கும் 20-க்கும் சண்டை... ஒடிவது ஸ்டட்!

போர்டிகோவில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது அப்பா காலத்து அம்பாசிடர். பொங்கலுக்குள் ஓட்டிவிடலாம் என்று மேனிபோல்டைக் கழற்ற ஸ்பேனரைப் போட்டதும் 'டக்' என்று ஒரு சத்தம். நட் தனியாக வரவில்லை. பாதி ஸ்டட்டையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. மீதிப் பாதி சிலிண்டர் ஹெட்டுக்குள்ளே!

"போச்சுங்களா அண்ணா... ஹெட்டையே மாத்தோணுமா?"

பழைய கார் வைத்திருக்கும் திருப்பூர்க்காரர் மெக்கானிக்கிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கவலை நியாயமானது. அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. நினைத்த நாளில் கடைக்குப் போய் ஹெட் வாங்க முடியாது. ஆனால் ஒடிந்தது சின்ன ஸ்டட்தான். அதை எடுக்கும் அவசரத்தில் ஹெட்டைக் கெடுக்காமல் இருந்தால் கார் பிழைத்துவிடும்.

ஏன் ஒடிகிறது?

முதல் காரணம், சூடும் துருவும். சைலன்சர் பக்கத்து ஸ்டட் தினமும் காய்ந்து ஆறி, நட்டோடு ஒட்டிப்போகிறது.

இரண்டாவது காரணம், என்றைக்கோ மாட்டிய தப்பான நட். இது பனியன் ஊருக்குச் சட்டென்று புரியும். 24 கேஜ் நிட்டிங் மெஷினில் அங்குலத்துக்கு 24 ஊசி. 20 கேஜ் என்றால் 20 ஊசி. ஒன்றின் சிலிண்டரை இன்னொன்றின் டயலோடு சேர்த்து ஓட்ட முடியுமா?

நட்டும் அப்படித்தான். அம்பாசிடரின் பழைய 1489 சி.சி. இன்ஜின் பிரிட்டிஷ் வழி வந்தது. அதில் மரை அங்குலக் கணக்கு. 5/16 அங்குல ஸ்டட்டின் நட் முனையில் அங்குலத்துக்கு 24 மரை. அதன் தடிமன் 7.94 மி.மீ. இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 8 மி.மீ. நட்டிலோ அங்குலத்துக்கு சுமார் 20 மரைதான். தடிமன் ஏறக்குறைய ஒன்று என்பதால் முதல் சுற்று ஏறிவிடும். அப்புறம் இறுகும். 'கொஞ்சம் டைட்டா இருக்கு' என்று ஸ்பேனரை அழுத்தினால் மரை நசுங்கும். அடுத்த தடவை கழற்றும்போது ஸ்டட் ஒடியும்.

எப்படி எடுப்பது?

* துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். நடுவில் லேசாகத் தட்டிக் கொடுங்கள்.

* ஸ்டட் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், இரண்டு நட்டை மாட்டி ஒன்றோடொன்று இறுக்கி, உள்பக்க நட்டை இடப்பக்கமாகத் திருப்புங்கள். ஸ்டட்டும் சேர்ந்து திரும்பி வரும்.

* மட்டத்தோடு ஒடிந்திருந்தால், அதன் தலையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடிப்பார்கள். அந்தச் சூட்டில் ஸ்டட் விரிந்து சுருங்கி, துருவின் பிடி விடும். கை பழகியவர் செய்ய வேண்டிய வேலை இது.

* கடைசி வழிதான் டிரில். சரியாக நடுவில் பஞ்ச் வைத்து, 3 மி.மீ. பிட்டில் தொடங்கி, படிப்படியாகத் துளைத்து 'ஈஸி அவுட்' போட வேண்டும். இதில்தான் பொறுமை தேவை. ஈஸி அவுட் கடினமானது, ஆனால் சட்டென்று முறியும். உள்ளே முறிந்தால் சாதாரண பிட் அதைத் தொடக்கூட முடியாது. டை செய்யும் பட்டறைகளில் உள்ள ஸ்பார்க் மெஷினைத்தான் தேடிப் போக வேண்டும்.

துளையின் மரையே போய்விட்டதா? பெரிய டேப் அடித்து 'ஹெலிகாயில்' என்ற கம்பிச்சுருள் மரையைப் பொருத்தினால் பழைய அளவு ஸ்டட்டே உட்காரும்.

ஒரு எச்சரிக்கை: இத்தனையும் வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு. பழைய கார்களின் டெயில் லேம்ப் அடிப்பாகம், பானட் சின்னம் போன்றவை பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. சுமார் 400 டிகிரியிலேயே உருகிவிடும். அங்கே நெருப்பைக் காட்டினால் ஸ்டட்டோடு பாகமும் போகும். மெதுவாகத் துளைத்து, மரை அடித்து, புது ஸ்டட்டை எபாக்சி பசை வைத்துப் பொருத்துவதே பாதுகாப்பு.

புது ஸ்டட் போடும்போது...

லேத் பட்டறைக்குப் போகும்போது ஒடிந்த இரண்டு துண்டுகளையும் கையோடு கொண்டு போங்கள். பல ஸ்டட்களில் ஹெட்டுக்குள் போகும் முனையில் மரை பெரிது, நட் முனையில் பொடிசு. கண்ணளவு போதாது; பிட்ச் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிடைத்த கம்பியில் கடைந்துவிடாமல், உறுதியான ஸ்டீலாகக் கேளுங்கள். சைலன்சர் பக்கத்துக்குப் பித்தளை நட் நல்லது. துருப்பிடித்து ஸ்டட்டோடு ஒட்டாது.

இன்னொன்று, உங்கள் வண்டியில் இருப்பது எந்த இன்ஜின் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 1990-களில் வந்த இசுசு இன்ஜின் அம்பாசிடர் என்றால் கணக்கு மில்லிமீட்டர். அங்கே அங்குல நட்டை மாட்டினாலும் இதே கதைதான்.

அவிநாசி ரோட்டில் அப்படியே கோவைக்குப் போனால், 2015-ல் திறந்த ஜி.டி. நாயுடு கார் அருங்காட்சியகத்தில் இதைவிட வயதான கார்கள் நிற்பதைப் பார்க்கலாம். எத்தனை பழைய வண்டியானாலும், அதைத் தாங்கிப் பிடிப்பது இந்தச் சின்னச் சின்ன ஸ்டட்கள்தான்.

இன்று நீங்கள் மாட்டும் நட்டை இருபது வருஷம் கழித்து உங்கள் மகனோ மகளோ கழற்றக்கூடும். அன்றைக்கு நட் மட்டும் தனியாக வரட்டும்!