பிழைக்கென்று ஒரு பத்தி

அமெரிக்கா சென்று திரும்பும் தமிழ் எழுத்தாளரின் பயணக் கட்டுரையில் பேஸ்பாலுக்கென்று ஒரு பாரா ஒதுக்கப்பட்டிருக்கும். நயாகராவுக்கு அடுத்து, நூலகத்துக்கு முன்னதாக அது வரும். அதைப் படிக்காமலே நாம் எழுதிவிடலாம்: கிரிக்கெட்டைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள், மூன்று மணி நேரம் ஒன்றுமே நடப்பதில்லை, கூட்டம் ஆட்டத்தைப் பாராமல் தின்றுகொண்டிருக்கிறது, தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டு அதற்கு ‘வேர்ல்ட் சீரீஸ்’ என்று பெயர் வைக்கும் திமிரைப் பாருங்கள். முடிவில் முதலாளித்துவம் பற்றி ஒரு வாக்கியம். அந்தப் பாராவை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

பேஸ்பாலுக்கு வக்காலத்து வாங்குவது எங்கள் நோக்கமன்று. அதற்கு வேண்டிய பணமும் ஆளும் அவர்களிடமே உண்டு. எங்கள் சண்டை, ஒரு பிரதியின் முன் அதன் இலக்கணம் அறியாமல் உட்கார்ந்துவிட்டு, தமக்குப் புரியாத பழியைப் பிரதியின் தலையில் போடும் மனநிலையோடு. அகப்பாடலைத் திணை தெரியாமல் வாசித்த ஒருவர், “மலை, பறவை, பூ, வாடுகிற பெண், இதில் வேறென்ன இருக்கிறது?” என்று கேட்டால் நாம் சும்மா இருப்போமா? முதல், கரு, உரி என்று வகுப்பெடுக்கத் தொடங்கிவிடுவோம். உலகம் நம்மைக் கற்றுக்கொண்டு வர வேண்டும். நாம் மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும் என்பது என்ன நியாயம்?

பணி நிமித்தம் பாஸ்டன் சென்றிருந்தபோது ஒரு மாலை ஓய்வாகக் கிடைத்தது. கல்லூரி ஆசிரியர்களாகிய நாங்கள் மூவர் ஃபென்வே பார்க்கிற்கு ஆட்டம் பார்க்கச் சென்றோம். அதற்கு முன் இரண்டு இரவுகள் விதிகளைப் படித்தோம். அது ஒன்றும் தவமன்று. யாப்பருங்கலக் காரிகையைவிட எளிதுதான்.

ஃபென்வே பார்க் 1912இல் திறக்கப்பட்டது. முதன்மை லீக்குகளில் இன்றும் ஆட்டம் நடக்கும் மைதானங்களில் அதுவே மிகப் பழையது. நகரத் தெருக்களுக்கு நடுவே நெருக்கிக் கட்டியதால் இடப்பக்கத்தில் தூரம் போதவில்லை. தூரத்தில் குறைந்ததை உயரத்தில் ஈடுசெய்திருக்கிறார்கள்: 37 அடிப் பச்சைச் சுவர். வேறு மைதானங்களில் ஹோம்ரன்னாகப் பாய்ந்திருக்கக்கூடிய பந்து இங்கே சுவரில் மோதிக் கீழே விழுகிறது. வேறிடத்தில் கைக்குள் சுலபமாக விழுந்திருக்கும் பந்து இங்கே மேலெழுந்து சுவரைத் தாண்டிவிடுகிறது. எல்லைக்கோடு எவ்வளவு தூரம், சுவர் எவ்வளவு உயரம் என்பதெல்லாம் மைதானத்துக்கு மைதானம் மாறும். நிலம் மாறினால் ஒழுக்கமும் மாறும் என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

அந்தச் சுவரின் அடியிலேயே ஆட்டத்தின் கணக்குப் பலகை இருக்கிறது. சுவருக்குள் ஆட்கள் நின்றுகொண்டு எண் தகடுகளைக் கையால் மாற்றுகிறார்கள். ஒன்பது இன்னிங்ஸ் எண்களையும் கடந்து பலகையின் கோடியில் மூன்று பத்திகள்: ஓட்டம், அடி, பிழை. மூன்றாவது பத்தியைத்தான் நம்மவர் எவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. பிடித்திருக்க வேண்டிய பந்தைக் களத்தில் நிற்பவர் தவறவிட்டால், மட்டையாளருக்கு அது அடியாகச் சேராது. தவறவிட்டவர் பெயரில் பிழை ஏறும். எது திறமையான அடி, எது எதிராளியின் தவறு என்று தீர்ப்புச் சொல்ல ஒருவர் செய்தியாளர் பகுதியில் அமர்ந்திருக்கிறார். சராசரியான முயற்சியில் அந்தப் பந்து வசப்பட்டிருக்குமா என்பதே அவருடைய அளவுகோல். தீர்ப்பின் மேல் முறையீடும் உண்டு. அந்த நாற்காலியை விமர்சகனின் நாற்காலி என்றே நாங்கள் எண்ணினோம். நம் நூல் மதிப்புரைகளில் ஓட்டத்துக்குப் பத்தி உண்டு, அடிக்கும் உண்டு, பிழைக்கு எங்கே? நண்பர் நாவலின் நடுப்பகுதியில் கைநழுவி விழுந்த நூறு பக்கங்களை ‘பரிசோதனை’ என்று எழுதிக் கைகுலுக்கிவிடுகிறோம். பழைய பதிப்புகளின் இறுதியில் ‘பிழையும் திருத்தமும்’ என்று ஒரு பக்கமாவது இருந்தது. இப்போது அதையும் காணோம். பிழைகள் மட்டும் குறையவில்லை.

எங்களுக்கு முன்வரிசையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் மடியில் அட்டையும் கையில் பென்சிலுமாக ஆட்டம் முழுவதையும் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண். 6-4-3 என்று அவர் எழுதினால், ஆறாம் இடத்தில் நிற்பவர் பந்தை எடுத்து நான்காமவருக்கு எறிய, அவர் மூன்றாமவருக்கு எறிய, எதிரணியில் இருவர் ஆட்டமிழந்தனர் என்று பொருள். மட்டையை வீசி ஏமாந்தவருக்கு ‘கே’ என்ற ஆங்கில எழுத்து. வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று ஆட்டமிழந்தவருக்கு அதே எழுத்து, இடவலம் மாற்றி. இரு தோல்விகளையும் வேறுபடுத்திப் பதிய வேண்டும் என்று நினைத்த மனத்தின் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். இந்தக் குறியீட்டு முறைக்கு அடித்தளம் இட்டவர்களில் முதன்மையானவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தியாளராக இருந்தவர். கிரிக்கெட்டின் கெட்டுப்போன பிரதி என்று இதை ஏளனம் செய்வோர் கவனிக்க.

‘ஒன்றுமே நடப்பதில்லை’ என்ற புகார் பாதி பழசாகிவிட்டது. 2023 முதல் பந்தெறிபவருக்குக் கடிகாரம் வைத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் சராசரியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடிய ஆட்டம் இரண்டே முக்கால் மணிக்கும் கீழே வந்துவிட்டது. (எங்களைக் கேட்டால் அந்தக் கடிகாரம் வேண்டியதே இல்லை.) பத்து வாய்ப்பில் மூன்றில் வென்றவரைச் சிறந்த மட்டையாளர் என்று கொண்டாடும் ஆட்டம் இது. இங்கே நிகழாதவையும் நிகழ்ச்சிகளே. ஜான் அப்டைக் 1960இல் ‘நியூயார்க்கர்’ இதழில் டெட் வில்லியம்ஸின் கடைசி ஆட்டம் பற்றி எழுதிய நெடுங்கட்டுரை இதே ஃபென்வே பார்க்கில் பிறந்தது. அன்று வந்திருந்தோர் 10,454 பேர். கடைசி முறையாக மட்டை பிடித்த வில்லியம்ஸ் ஹோம்ரன் அடிக்கிறார். கூட்டம் எவ்வளவு அழைத்தும் வெளியே வந்து தொப்பியைத் தூக்கவில்லை. தூக்காத அந்தத் தொப்பியை எழுதியதுதான் அப்டைக்கின் வெற்றி. அவருடைய நாவல்களை மேற்கோள் காட்டும் நம் நண்பர்கள் இதைப் படித்திருந்தால், கூட்டம் என்ன தின்றது என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

“அப்படியானால் அமெரிக்காவைப் பற்றி நல்லதே எழுத வேண்டுமா?” என்று கேட்பார்கள். இல்லை. நன்றாகக் கண்டித்து எழுதுங்கள், தெரிந்து எழுதுங்கள். ‘வேர்ல்ட்’ என்ற பெயரைக் கேலி செய்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் மலிவான நியாயம். அதைவிடக் கனமான குற்றச்சாட்டு அந்த மைதானத்தின் மண்ணிலேயே கிடக்கிறது. 1945 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் உள்ளிட்ட மூன்று கறுப்பின ஆட்டக்காரர்களை ஃபென்வே பார்க்கிற்கு வரவழைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, ஒருவருக்கும் ஒப்பந்தம் தராமல் அனுப்பினார்கள். ராபின்சன் 1947இல் வேறோர் அணிக்காகக் களமிறங்கி வரலாறானார். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி தன் முதல் கறுப்பின ஆட்டக்காரரைக் களத்தில் இறக்கியது 1959இல். முதன்மை லீக் அணிகளில் அதுவே கடைசி. அக்காலத்து உரிமையாளர் டாம் யாக்கியின் பெயரைத் தாங்கியிருந்த மைதானத் தெருவுக்கு 2018இல்தான் ‘ஜெர்சி தெரு’ என்ற பழைய பெயர் திரும்பியது. இவற்றில் ஒரு வரியையும் நாங்கள் தமிழ்ப் பயணக் கட்டுரைகளில் கண்டதில்லை. அறியாதவன் செய்யும் கண்டனம் கண்டிக்கப்படுபவனுக்கு எவ்வளவு வசதியானது!

அந்த வில்லியம்ஸ் 1966இல், புகழ்மண்டபத்தில் தம்மைச் சேர்த்த மேடையிலேயே, வாய்ப்பு மறுக்கப்பட்ட சாட்செல் பேய்ஜ், ஜாஷ் கிப்சன் போன்றவர்களுக்கும் அங்கே இடம் வேண்டும் என்று பேசினார். சில ஆண்டுகளில் இருவரும் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் பதிவேடு மாறவில்லை. கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கப்பட்ட நீக்ரோ லீக்குகளில் 1920 முதல் 1948 வரை நடந்த ஆட்டங்களின் கணக்கு, பழைய கறுப்பினப் பத்திரிகைகளின் பக்கங்களில் சிதறிக் கிடந்தது. ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் தோண்டித் தேடி அவற்றைத் தொகுத்தார்கள். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த உழைப்பைத் தனியே விளக்க வேண்டியதில்லை. 2024 மே மாதம் 2,300க்கும் மேற்பட்டோரின் கணக்குகள் முதன்மை லீக்கின் பதிவேட்டில் சேர்ந்தன. வாழ்நாள் சராசரியில் டை காப்பின் .367 கீழே இறங்கியது, கிப்சனின்.372 முதலிடத்துக்கு ஏறியது. அவர் இறந்தது 1947 ஜனவரியில், 35 வயதில். ராபின்சன் களமிறங்க இன்னும் மூன்று மாதம் இருந்தது.

அவர்கள் ஆடிய ஆட்டங்கள் குறைவு, கணக்கு முழுமையில்லை, ஒப்பிடவே கூடாது என்றும் எதிர்ப்பு எழுந்தது. குறைவாக ஆடவைத்தது யார் என்பதே அதற்குப் பதில். கதவைச் சாத்தியவர்களின் வாரிசுகள் தாமதமாகத் தேடிக்கொண்ட பாவமன்னிப்பு இது என்று சொன்னால் மறுக்க மாட்டோம். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: பின்னிணைப்பாக ஒரு பட்டியல் போட்டு அவர்கள் கைகழுவவில்லை. ஒரே பட்டியல், ஒரே வரிசை. மேலே இருந்தவர் கீழே இறங்க வேண்டியிருந்தது.

நம் இலக்கிய வரலாற்று நூல்களைப் புரட்டுங்கள். கவிதை, நாவல், சிறுகதை என்று அத்தியாயங்கள் கம்பீரமாக நடந்துவரும். நூல் முடியும் தறுவாயில் ‘பெண்ணெழுத்து’ என்று பன்னிரண்டு பக்கம், ‘தலித் இலக்கியம்’ என்று இன்னொரு பன்னிரண்டு. மேலே எவருக்கும் இடம் மாறியிருக்காது. ஊர் திரும்பிய பின், பாடத்திட்டத்துக்கான கூட்டம் ஒன்றில் இதை எடுத்துச் சொன்னோம். நாவலுக்கான தாளிலேயே இவர்களை வைத்தால் என்ன என்று கேட்டோம். மூத்த பேராசிரியர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதற்குத்தான் விருப்பப்பாடம் ஒன்று இருக்கிறதே” என்றார்.