ஒவ்வொன்றாய்த் திருத்துவோம்

காணை என்று நம் ஊர்ப் பெயரை எழுதும்போதே ஒரு சிறு வரலாற்றையும் எழுதிவிடுகிறோம். அதிலுள்ள 'ணை' முன்பு யானைத் துதிக்கை போன்ற வளைவுடன் இருந்தது. 1978இல் தமிழக அரசு, தந்தை பெரியார் கையாண்ட சீர்திருத்தத்தை ஏற்று 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. அதற்கும் முன்பு, 18ஆம் நூற்றாண்டில், வீரமாமுனிவர் எ, ஏ என்றும் ஒ, ஓ என்றும் குறிலையும் நெடிலையும் பிரித்தறிய வழி செய்தார். அவர்கள் எல்லா எழுத்துகளையும் மாற்றவில்லை. சிலவற்றையே திருத்தினர், அவை நிலைத்துவிட்டன.

நம் மாணவியரின் கட்டுரை ஏடுகளிலோ நாம் செய்வது என்ன? ஒரே பக்கத்தில் ஒற்றுப்பிழை, லகர ளகர ழகரப் பிழை, பேச்சு வழக்கு, பத்தி பிரிக்காமை என அனைத்தையும் சிவப்பு மையால் சுழித்துவிடுகிறோம். ஏட்டைப் பெறும் சிறுமி மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மூடிவைக்கிறாள். அடுத்த முறை, பிழை வருமே என்று அஞ்சி, நான்கு வரிகளோடு நிறுத்திக்கொள்கிறாள். பிழை குறைகிறது, எழுத்தும் குறைகிறது. இது வளர்ச்சியாகுமா?

ஆகவே ஒரு மாதத்திற்கு இரண்டே திறன்கள் போதும் என்பது நம் கருத்து. ஜூனில் ர, ற வேறுபாடும் முற்றுப்புள்ளியும். ஜூலையில் வல்லினம் மிகும் இடங்களும் பத்தி பிரித்தலும். அந்தந்த மாதம் அவற்றை மட்டுமே திருத்துவோம். பழகியதை மறுமாதமும் கவனிப்போம். 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் சிறு பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்தே பயிற்றுவிக்க முற்பட்டது.

"பொதுத்தேர்வில் எல்லாப் பிழைக்கும் மதிப்பெண் குறையுமே, ஆசிரியை ஏன் சிலவற்றை விட்டுவிட்டார்?" எனப் பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. பத்தாம் வகுப்பின் இறுதி மாதங்களில் முழுத் திருத்தம் வேண்டும். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்தே படிப்படியாகப் பழகியவளுக்கு அன்று திருத்த மிஞ்சியிருப்பது சிறிதே. களையெடுப்பவர் வயல் முழுவதும் ஒரே நேரத்தில் கைவைப்பதில்லை; பாத்தி பாத்தியாகவே நகர்கிறார்.

அன்புப் பெற்றோரே, இன்று உங்கள் மகளின் ஏட்டைத் திறந்து, அவள் சரியாக எழுதிய ஒரு வரியை முதலில் பாராட்டுங்கள். மாணவியரே, பிழைக்கு அஞ்சாமல் எழுதுங்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்; இறையருளும் துணை நிற்கும்.