மதிப்பெண் ஓட்டைப் பறிக்கலாமா?

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு மதிப்பெண் 20-க்குத்தான். பக்கத்திலேயே ஆசிரியர் குறிப்பும் இருக்கும். வெறும் எண்ணைப் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநில அரசு 2023-இல் ஹூஸ்டன் நகரப் பள்ளிகளைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. வீட்லி என்ற ஒரு பள்ளி வருடக்கணக்கில் தேறவில்லை என்பது காட்டிய காரணங்களில் ஒன்று. அந்தப் பள்ளியோ 2022-இலேயே ‘சி’ தரத்துக்கு ஏறிவிட்டது! ஆனாலும் மக்கள் ஓட்டுப் போட்டு அமர்த்திய ஒன்பது பேரும் ஒதுக்கப்பட்டார்கள். 270-க்கும் மேற்பட்ட பள்ளிகள் அரசு நியமித்த குழுவிடம் போயின.

‘ஃபெயில்’ என்று கேட்டதுமே “அரசே எடுத்துக்கொள்ளட்டும்” என்பவர்களே, மதிப்பெண் பிள்ளையின் நிலையைச் சொல்லும். யார் ஆளவேண்டும் என்று சொல்லுமா? அதைச் சொல்ல வேண்டியது பெற்றோரின் ஓட்டு அல்லவா?