வாயைத் திறந்தால் பேய் வரும்!

பேய்க் கதையில் பயம் வந்தால் புத்தகத்தை மூடிவிடலாம். பிள்ளைகள் தலையில் மாட்டிக்கொண்டு ஆடும் வி.ஆர். கண்ணாடிக்குள் அது பலிக்காது, சகோதரி! எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே இருட்டு வீடுதான். மேல்நாட்டில் ஹாலோவீன் அக்டோபர் 31-ல் மட்டும். இந்த விளையாட்டுகளுக்கோ வருஷம் பூராவும் அமாவாசை!

2020-ல் வெளிவந்த ‘பாஸ்மோபோபியா’வைப் பாருங்கள். நாலு பேர் வரை கூட்டாகப் பேய் வீட்டில் நுழைந்து, அது என்ன ரகப் பேய் என்று துப்பறிய வேண்டும். ஒரு கருவியை ஏந்தி, “எங்கே இருக்கிறாய்?” என்று ஆங்கிலத்தில் வாய்விட்டுக் கேட்டால் சில பேய்கள் பதிலும் சொல்லும். வேட்டைக்குக் கிளம்பிவிட்டால் மட்டும் மூச்சுக் காட்டக் கூடாது. அலமாரியில் ஒளிந்துகொண்டு பேசினால், மைக் வழியே கேட்டு அங்கேயே வந்து நிற்கும். வாயாடிகளுக்கு ஆகாத ஆட்டம்!

பிளேஸ்டேஷன் வி.ஆர்.2 கண்ணாடி 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆகாது என்று சோனி கம்பெனியே சொல்கிறது. பெரிய பிள்ளைகள் ஆடினாலும் பக்கத்தில் இருங்கள். டீபாயும் குத்துவிளக்கும் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. முதலில் அவற்றை அப்புறப்படுத்துங்கள். சாப்பிடக் கூப்பிட முதுகில் தட்டாதீர்கள், அலறிவிடுவார்கள். பெயர் சொல்லி அழையுங்கள். வேட்டை நேரமாயிருந்தால் அது பேயின் காதிலும் விழும். பையன் அகப்பட்டால் பழி உங்கள்மேல்தான்!